மூளை முடக்குவாதம்: கிழியும் வஸ்தியும் செய்வது என்ன, செய்யாதது என்ன

குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டரில் சில வாரம் இருந்து, தேறி வீட்டுக்கு வந்த குழந்தை. கைகள் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன, முகம் பார்த்துச் சிரிக்கிறது, பேச்சும் வருகிறது. ஆனால் ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை. பிடித்து நிறுத்தினால் குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் நிற்கிறது. தொடைகள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கால் வலுவாக ஏதாவது எண்ணெய் இருக்கிறதா என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். ஆனால் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) எனப்படும் இந்தக் கோளாறு தொடங்கியது காலில் அல்ல, மூளையில். அதுவும் குறிப்பிட்ட ஓர் இடத்தில்.

மூளையின் உள்ளே திரவம் நிறைந்த அறைகள் உண்டு. 24 முதல் 32 வாரக் கருவில், இந்த அறைகளை ஒட்டிய பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. நரம்பிழைகளுக்கு மேலுறை போடவேண்டிய செல்களும் அப்போதுதான் அங்கே பக்குவமாகிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலோ, கருப்பையில் தொற்று ஏற்பட்டாலோ முதலில் அடிவாங்குவது இந்தச் செல்கள். மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் இந்த வழியாகத்தான் போகின்றன. அவற்றில் கால்களுக்கானவை அறைகளுக்கு மிக அருகில், கைகளுக்கானவை சற்றுத் தள்ளி, முகத்துக்கானவை இன்னும் தள்ளி. அதனால்தான் சேதம் சிறிதாக இருந்தால் கால்கள் மட்டும் இறுகுகின்றன. பரவினால் கைகளும் சேர்ந்துகொள்கின்றன.

சரி, சேதமான நரம்பு தளரத்தானே வேண்டும், ஏன் இறுகுகிறது? ஒவ்வொரு தசைக்குள்ளும் நீட்சியை உணரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. தசை சட்டென்று நீண்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும், தண்டுவடம் அதே தசையைச் சுருக்கும். முட்டிக்குக் கீழே மருத்துவர் சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் எகிறுவது இதனால்தான். இந்த அனிச்சைச் செயல் அளவு மீறாமல் மூளை மேலிருந்து அடக்கிவைக்கிறது. இறங்கிவரும் இழைகள் சேதமானால் அந்த அடக்கம் போய்விடுகிறது. அந்தக் குழந்தையின் பாதத்தை வேகமாக மேலே மடக்கிப் பாருங்கள், பாதி வழியில் தடக்கென்று நிற்கும். அதே பாதத்தை மெதுவாக மடக்கினால் இன்னும் கொஞ்சம் தூரம் வரும்.

மூளையில் உள்ள சேதம் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறதே! எலும்பு நீளும்போது எப்போதும் இறுகியே இருக்கும் தசை அதற்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. நாளாக நாளாக நாரிழைகள் பெருகி அது கட்டைபோல ஆகிவிடுகிறது. இப்போது இறுக்கத்துக்கு இரண்டு காரணங்கள்: நரம்பின் தூண்டுதல் ஒன்று, தசையே விறைத்துக் குறுகிப்போனது இன்னொன்று. கிழியும் (சூடான மருந்து மூட்டையால் உருட்டித் தேய்ப்பது) எண்ணெயும் என்ன செய்யும் என்று பார்க்கும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

இது ஒரே நோயல்ல. 1000 குழந்தைகளில் 2 அல்லது 3 பேரைப் பாதிக்கும் இந்த நிலைக்குப் பல வடிவங்கள். பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை கடுமையாகி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மூளையின் ஆழ்பகுதியில் படிந்தால், இறுக்கத்தைவிட நெளிவும் முறுக்கலுமான அசைவுகளே அதிகம். ஒரு பக்கக் கை கால் மட்டும் பாதிக்கும் வகை உண்டு, உடல் முழுவதையும் பாதிக்கும் வகையும் உண்டு. லண்டன் எலும்பியல் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1862-ல் இதைப் பிரசவச் சிக்கலோடு இணைத்து எழுதினார். 1897-ல் சிக்மண்ட் பிராய்ட் (உளப்பகுப்பாய்வுக்கு வருமுன் அவர் நரம்பியல் மருத்துவர்) கருவிலேயே நடந்த பாதிப்பினாலும் பிரசவம் சிக்கலாகியிருக்கலாம் என்றார். அவர் சொன்னதற்கு மதிப்பு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆயுர்வேத நூல்களில் இதற்கு நேரான ஒரு நோய் கிடையாது. வைத்தியர்கள் இதை வாத நோய்களின் வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள். நெருங்கி வருவது, குழந்தை மருத்துவத்துக்கென்றே எழுந்த காசியப சம்ஹிதையில் உள்ள ‘பக்க’ (Phakka) ரோகம். ஒரு வயதாகியும் காலால் நடக்காத குழந்தைக்கு அந்த நூல் தரும் பெயர் அது. தாய்ப்பாலின் குறையால் வருவது, தாய் மறுபடி கருவுற்றதால் வருவது, வேறு நோயால் வருவது என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் இன்று நாம் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று சொல்வதைப்போலத் தெரிகின்றன; மூன்றாவதில் மட்டும் மூளை முடக்குவாதத்துக்கு இடமிருக்கிறது. சிகிச்சையாக வஸ்தி (ஆசனவாய் வழியாகத் தைலமோ கஷாயமோ செலுத்துவது), நெய்ப்பானம், ஒற்றடம், பொடி தேய்த்தல் எல்லாம் வருகின்றன. என்னை வியக்கவைப்பது அதையடுத்து வருவது: குழந்தை பிடித்து நடந்து பழக மூன்று சக்கர வண்டி. எண்ணெயோடு நிறுத்தாமல் நடைப்பயிற்சியையும் மருந்தாகவே அந்த நூல் கருதியிருக்கிறது. இன்று ஊர் ஊராகப் போய்ச் சிகிச்சை எடுக்கும் பல குடும்பங்களுக்குக் கிடைக்காமல் போவது இந்தப் பாதிதான்.

இங்கிருந்து கேரளத்துக்குப் போகும் குடும்பங்கள் அதிகம் கேட்டுப்போவது நவரைக் கிழி. நவரை, 60 நாளில் விளையும் அரிசி. குறுந்தொட்டி வேரைக் கஷாயமாக்கி, பால் சேர்த்து, அதில் நவரை அரிசியைக் குழைய வேகவைத்து, பருத்தித் துணியில் சிறு மூட்டைகளாகக் கட்டுவார்கள். குழந்தைக்கு க்ஷீரபலா போன்ற தைலத்தை மெதுவாகத் தேய்த்த பின், கிழியை மிச்சப் பாலும் கஷாயமும் கலந்த சூட்டில் தோய்த்துத் தோய்த்து, இரு பக்கமும் ஆள் நின்று ஒரே வேகத்தில் உருட்டித் தேய்ப்பார்கள். துணி வழியே கஞ்சி கசிந்து தோலில் படியும். கிழி ஆற ஆற அடுத்த சூடான கிழி வரும். பெரும்பாலும் 7 அல்லது 14 நாள் இப்படி நடக்கும்.

சூடு பட்டால் தசையைச் சுற்றியுள்ள நாரிழைகள் நெகிழும், வலி குறையும், மெதுவான, சீரான தடவல் அனிச்சைச் சுருக்கத்தைத் தூண்டாது. அதனால் கிழி முடிந்ததும் கால் இலகுவாக மடங்குவதைப் பெற்றோர் கண்ணால் பார்க்கிறார்கள். அது உண்மையான மாற்றம். ஆனால் சூடு இறங்கியதும் மெல்ல மெல்ல இறுக்கம் திரும்பும், ஏனென்றால் மூளையிலிருந்து வரவேண்டிய அடக்கம் இன்னும் வரவில்லை. வஸ்தி வாதத்துக்குத் தலையாய சிகிச்சை என்கிறது ஆயுர்வேதம். இக்குழந்தைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணம். வயிற்று வேதனை இருந்தாலே தசை இறுக்கம் கூடும் என்பது நரம்பியலில் தெரிந்த விஷயம். வஸ்திக்குப் பிறகு குழந்தை நன்றாகத் தூங்கி, உடல் தளர்ந்து இருப்பதற்கு இதுவே பெருமளவு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆயுர்வேதக் கல்லூரிகளிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. இறுக்கம் குறைந்தது, உட்காருவது மேம்பட்டது என்கின்றன. பெரும்பாலும் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகள், பலவற்றில் ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. ஒப்பீடு ஏன் அவ்வளவு முக்கியம்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 657 குழந்தைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து 2002-ல் வெளியிட்டார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையும் தன் போக்கில் முன்னேறுகிறது. தனக்கு எட்டக்கூடிய இயக்கத் திறனில் ஏறக்குறைய 90 சதவீதத்தை, லேசான பாதிப்பென்றால் 5 வயதுக்குள், கடுமையான பாதிப்பென்றால் 3 வயதுக்கும் முன்பே அடைந்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்தச் சிகிச்சையைச் செய்தாலும் ஆறு மாதத்தில் ஏதாவது புதிதாகச் செய்யத்தான் செய்யும். அதில் எவ்வளவு சிகிச்சையால் வந்தது என்று ஒப்பீடு இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

மூளை எப்படிக் கற்கிறது என்பதில் இப்போது தெளிவு கூடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2020-ல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசி, குழந்தை தானே முயன்று ஓர் இலக்கை நோக்கிச் செய்யும் பயிற்சிகளுக்குப் பச்சை விளக்கு காட்டியது. அடுத்தவர் கை கால்களை அசைத்துவிடும் சிகிச்சைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. டம்ளரை எடுக்க, படி ஏற, ஸ்டூலிலிருந்து எழ என்று குழந்தை தானே திரும்பத் திரும்ப முயலும்போதுதான் சேதமாகாத நரம்பு வழிகள் வலுப்படுகின்றன. தூங்கும் குழந்தைக்கு எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அந்தப் பாடம் நடக்காது.

அதனால் கிழிக்குப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது ஒன்று. கிழியும் குளியலும் முடிந்து, குழந்தை சற்று இளைப்பாறிய பின், தசை நெகிழ்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே பிசியோதெரபியை வையுங்கள். நவீன மருத்துவத்தில் போட்டுலினம் ஊசியும் இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது. அது சுமார் மூன்று மாதம் இறுக்கத்தைக் குறைக்கும். அந்த மாதங்களில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசிக்குப் பெரிய பலன் இல்லை. பிசியோதெரபிஸ்ட்டும் வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசும் இடமாகப் பார்த்துப் போவது நல்லது.

சில விஷயங்களில் கறாராக இருக்கவேண்டும். இக்குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. ‘ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் நம் மருந்து பிடிக்கும்’ என்று யார் சொன்னாலும் வலிப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது, திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்து. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கி எண்ணெய் நிமோனியாவை உண்டாக்கும். பேச்சு வராத குழந்தையால் ‘சுடுகிறது’ என்று சொல்ல முடியாது, கிழியை உங்கள் உள்முழங்கையில் வைத்துப் பார்த்த பிறகே குழந்தைமேல் படவேண்டும். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்து உள்ளுக்குக் கொடுக்கும் பஸ்பம், செந்தூரங்களில் கவனம் தேவை: 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும் நஞ்சு. ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு அதையும் தருவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இன்னொன்று இடுப்பு மூட்டு. இக்குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை குழியிலிருந்து மெல்ல விலகும். ஆரம்பத்தில் வலி இருக்காது, வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். எந்த வைத்தியம் பார்த்தாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள். சீக்கிரம் கண்டால் சிறிய அறுவைச் சிகிச்சையோடு போகலாம், முழுதாக விலகிவிட்டால் உட்காருவதே வேதனையாகிவிடும்.

நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முஷ்டியாக மூடியிருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது, ஒன்பது பத்து மாதமாகியும் உட்காரவில்லை என்றால், ‘எங்கள் வீட்டில் எல்லோருமே லேட்டாகத்தான்’ என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) என்ற பெயரில் இயங்கும் மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். நோயின் பெயர் உறுதியாகும் வரைகூடப் பொறுக்கவேண்டியதில்லை. சந்தேகம் வந்த வாரமே பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.