ஐம்பது பவுண்டு வில்லோடு வராதீர்கள்

பொங்கலுக்கு அப்புறம் இது நான்காவது தோள்பட்டை. பாலக்கோடு பக்கத்துப் பையன், ஓசூரில் கம்பெனி வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆன்லைனில் 50 பவுண்டு லாங்போ (ஆளுயர நீள வில்) வாங்கி, வீட்டு மாடியில் தானே பழகியிருக்கிறான். எங்கள் வில்வித்தைப் பயிற்சி மைதானத்துக்கு வந்த அன்று வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. "பழகப் பழகச் சரியாயிடும்ல சார்?" என்றான். ஆகாது தம்பி. முதலில் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன்.

இந்த 50 எங்கிருந்து வருகிறது? வெளிநாட்டு வேட்டை வீடியோக்களிலிருந்து. அமெரிக்காவில் உரிமம் எடுத்து வில்லால் மான் வேட்டையாடலாம். வேட்டை வில் இத்தனை பவுண்டுக்குக் குறையக்கூடாது என்று பல மாநிலங்களில் விதியே உண்டு. அம்பு ஆழமாக இறங்கவேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. நம் பையன்கள் அதையே ஆரம்ப அளவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பவுண்டு என்பது வில்லின் எடை இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை. கையில் எடுத்தால் லாங்போ ஒரு கிலோகூட இருக்காது, "லேசாத்தான் சார் இருக்கு" என்பார்கள். நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்த எவ்வளவு விசை வேண்டுமோ அதுதான் வில்லில் எழுதியிருக்கும் எண். 50 பவுண்டு என்றால் கிட்டத்தட்ட 23 கிலோ. ஒரு சிப்பம் அரிசியை மூன்று விரலால் இழுத்து, தாடையோரம் நிறுத்தி, ஆடாமல் குறி பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை. ஜிம்மில் எண்பது கிலோ தூக்குகிறேன் என்பதெல்லாம் இங்கே உதவாது. இழுக்கவேண்டியது இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் முதுகுத் தசை. அது பழகாதபோது தோள் மூட்டு அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறது.

"நம்ம ஊர் நடுகல்லிலேயே வில் இருக்கே சார்" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பாருங்கள். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுச் செத்த அந்த வீரர்கள் யாரும் நேற்று ஆன்லைனில் வில் வாங்கியவர்கள் இல்லை. பழைய வில்லாளிகள் எந்த நாட்டிலும் சின்ன வயதில் லேசான வில்லில் தொடங்கி, உடம்பு வளர வளர வில்லை மாற்றியவர்கள்.

சரி, எதை வாங்குவது? இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, 2.5 ஆல் வகுங்கள். அதுதான் ஏறக்குறைய உங்கள் இழுப்பு நீளம். ஐந்தரை அடி ஆளுக்கு 26, 27 அங்குலம் வரும். 28க்கு ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறையும், கூடினால் கூடும். பெரியவர்கள் 20 முதல் 25 பவுண்டுக்குள் தொடங்குங்கள். முதல் வில், லிம்ப் (வளையும் மேல், கீழ்ப் பட்டைகள்) கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தால் பின்னால் செலவு மிச்சம். லாங்போ அடுத்த வருடம் வாங்கலாம், அது எங்கும் ஓடிவிடாது. வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறதா? அது உங்கள் வில் இல்லை, வைத்துவிடுங்கள்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் தெறித்து உடையும். கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் வளைத்துப் பாருங்கள். கீறல் இருந்தால் எய்யும்போது உடைந்து உங்கள் கையில்தான் ஏறும். எய்து முடித்ததும் நாணை இறக்குங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைத்தால் ஒட்டுப்பசை விட்டுவிடும். மாடியில் பழகவே பழகாதீர்கள், குறி தப்பினால் அம்பு தெருவில்தான் விழும்.

அப்புறம், அந்தப் பையன் கடைசியில் மெதுவாகச் சொன்னது. "அப்பா நிலக்கடலை போட்டிருக்கார் சார். ராத்திரியில பன்னி வந்து உழுது போட்டுடுது." அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் காடுகளிலும் இருக்கின்றன, அதற்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. சட்டத்தை விடுங்கள். அம்பு பட்ட விலங்கு ரத்தம் போய்த்தான் சாகிறது. பல வருடம் பழகியவர்களே இருபது மீட்டருக்குள் வந்தால்தான் எய்கிறார்கள், அதற்கப்புறமும் மணிக்கணக்கில் தடம் தேடுகிறார்கள். கை நடுங்குகிறவன் எய்த அம்போடு ஓடும் பன்றி, நாள் கணக்கில் புதரில் கிடந்து சாகும். இல்லையென்றால் காலையில் புல் அறுக்கப் போகும் அம்மாவின் மேல் பாயும். பயிர் சேதமானால் வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள், அரசு இழப்பீடு தருகிறது.

அந்தப் பையன் இப்போது டாக்டர் அனுமதியோடு 18 பவுண்டு வில்லில் பத்து மீட்டரில் எய்கிறான். நீங்களும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்தில் இருக்கும் பயிற்சி மைதானத்துக்குப் போய், அங்கே இருக்கும் வில்லை இழுத்துப் பாருங்கள். எங்கள் மைதானத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை.