‘கொஞ்சம் பார்த்துடுங்க’ என்றால் என்ன அர்த்தம்?

“அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார்த்துடுங்க” என்று சொல்லிவிட்டு மேலாளர் மீட்டிங்குக்குப் போய்விடுகிறார். ஆட்டிசம் உள்ள ஊழியர் ரிப்போர்ட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்க்கிறார், மூடி வைக்கிறார். சாயங்காலம் வந்து மேலாளர் கேட்கிறார்: “என்னங்க, இன்னும் திருத்தி அனுப்பலையா?” சொன்னதைச் சொன்னபடி செய்தவருக்குத் திட்டு விழுகிறது.

நம் பேச்சில் ‘பார்த்துடுங்க’ என்பது படிப்பது, திருத்துவது, முடித்துக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் பொது. ‘டைம் கிடைக்கும்போது’ என்றால் பல நேரம் ‘இன்றைக்கே’ என்று பொருள். குரல், முகம், சூழல் மூன்றையும் சேர்த்துப் பலர் யோசிக்காமலே அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அது தானாக நடப்பதில்லை. சொல்லப்பட்ட சொல்தான் அவர்களுக்குக் கணக்கு.

இதை வெகுகாலம் அவர்களுடைய குறையாகவே எழுதிவைத்தார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன், 2012ல் வேறு மாதிரி கேட்டார். அவர்களுக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டம் என்றால், மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டமாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் சிக்கல் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020ல் வெளிவந்தது. எட்டு எட்டுப் பேராக வரிசை கட்டி, முதல் ஆளிடம் ஒரு கதை சொன்னார்கள். அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்களின் வரிசையில் வந்த அளவுக்கே கடைசி ஆள் வரை வந்து சேர்ந்தது. இரு தரப்பும் கலந்து நின்ற வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. 2025ல் இன்னும் நிறையப் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது, கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. அதனால் முதல் முடிவை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை இரண்டு முறையும் சளைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இந்த இடைவெளியை நிரப்ப, வேலையிடத்தில் ஊழியருக்குத் துணைநின்று பழக்குபவர் ஒருவர் இருக்கிறார், பணிப் பயிற்சியாளர். அவர் என்ன செய்வார்? ஊழியரை மட்டும் உட்காரவைத்துப் பேசினால் பாதி வேலைதான் ஆகும். நல்ல பயிற்சியாளர் மேலாளரோடும் உட்கார்ந்து, அவர் ஒரு வாரத்தில் அனுப்பிய மெசேஜ்களை எடுத்துப் பார்ப்பார். ‘கொஞ்சம் பார்த்துடுங்க’ என்பது, ‘3ஆம் பக்க அட்டவணையில் கூட்டலைச் சரிபாருங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள், 4 மணிக்குள் எனக்கு அனுப்புங்கள்’ என்று மாறும். ஊழியர் பக்கம், ‘இதை எப்போது முடிந்ததாக எடுத்துக்கொள்வீர்கள்?’ என்று தயங்காமல் கேட்கப் பழக்குவார்.

ஏடிஎச்டி, அதாவது கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதிலும் அடக்கமாக இருப்பதிலும் சிரமம் தரும் நிலை உள்ளவருக்கு அடைப்பு வேறு இடத்தில். எதையும் செய்து முடிக்கும் வரை மனதில் பிடித்துவைக்கும் செயல்நினைவு யாருக்குமே சின்னதுதான். சில விஷயங்களுக்கு மேல் தாங்காது. ஏடிஎச்டி உள்ள பலருக்கு அது இன்னும் சீக்கிரம் நழுவும். நடைபாதையில் நின்றபடி ஐந்து வேலை சொன்னால், மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு காணாமல் போய்விடும். அக்கறை இல்லாததால் அல்ல. பட்டியலாக எழுதிக் கொடுத்து, மாதக் கடைசிக் கெடுவை இரண்டு நாள் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால் அதே ஆள் நன்றாக ஓடுவார்.

ஆனால் பலர் அந்த மேசை வரைக்கும் வருவதே இல்லை, நேர்காணலே வடிகட்டிவிடுகிறது. கண்ணைப் பார்த்து, தன்னைப் பற்றித் தானே அரை மணி நேரம் பேசுவது ஒரு திறமைதான், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு அது எதற்கு? டென்மார்க்கின் தோர்கில் சோன்னே, தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004ல், ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் ‘ஸ்பெசியலிஸ்டெர்ன’ நிறுவனத்தைத் தொடங்கினார். வேலை கேட்டு வந்தவர்களிடம் லெகோ ரோபோக்களைக் கொடுத்து, இயக்கிக் காட்டச் சொன்னார்கள். 2013ல் அவர்களோடு கைகோத்த எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனத்தின் இந்திய அலுவலகத்திலும் ஆட்டிசம் உள்ள ஆறு பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த வேலை, மென்பொருள் சோதனை.