‘ஐ கன்டெம்ப்ட் ஹிம்’ ஏன் தப்பு?

சீன மொழியில் ஒருவரை இகழ ஒரு வினைச்சொல் போதும். ‘பிஷி’ என்று சொல்லி, பின்னால் ஆளைக் குறிப்பிட்டால் வாக்கியம் முடிந்தது. நடுவில் ஒட்டு எதுவும் வேண்டாம். அகராதியைப் புரட்டினால் அதற்கு ‘டிஸ்பைஸ்’, ‘கன்டெம்ப்ட்’ இரண்டுமே கிடைக்கும். ஆங்கிலம் கற்கும் சீனர் இரண்டாவதை எடுத்தால், ‘ஐ கன்டெம்ப்ட் ஹிம்’ என்று எழுதிவிடுகிறார்.

இன்றைய ஆங்கிலத்தில் கன்டெம்ப்ட் பெயர்ச்சொல். தனியே நிற்காது, ஒரு வினையின் தோளில் ஏறித்தான் வரும். மனத்துக்குள் இருக்கும் இகழ்ச்சி ‘ஹேவ் கன்டெம்ப்ட் ஃபார்’. நடத்தையில் காட்டினால் ‘ட்ரீட் வித் கன்டெம்ப்ட்’. நீதிமன்ற அவமதிப்பில் மட்டும் ‘ஃபார்’ போய் ‘ஆஃப்’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒருவரைத் தாழ்வாகப் பார்ப்பதைச் சொல்லும் ‘கான்புச்சி’ என்ற சீன வினைக்கு ‘லுக் டவுன் ஆன்’ நன்றாகப் பொருந்தும். இரண்டிலும் பார்வை இருப்பதால் சட்டென்று மனத்தில் பதிகிறது. ஆனால் எழுதும்போது அவர்கள் கையில் ‘ஆன்’ தவறி விழுந்துவிடும்: ‘ஐ லுக் டவுன் ஹிம்’. ‘ஹி வாஸ் லுக்ட் டவுன் ஆன்’ என்று செயப்பாட்டு வினையில் பத்து வாக்கியம் எழுதிப் பாருங்கள். கடைசியில் தனியாக நிற்கும் ‘ஆன்’ கண்ணில் உறுத்தும், பிறகு மறக்காது.

இதைவிடப் பெரிய வலை ‘ஷியாவ்கான்’. சிறிதாகப் பார்ப்பது என்று பொருள். இகழ்வதும் குறைத்து மதிப்பிடுவதும் அதற்குள் அடக்கம். ஆட்டத்துக்கு முன் எதிரணியைப் பற்றி எச்சரிக்க வேண்டிய சொல் ‘அண்டரெஸ்டிமேட்’. அங்கே ‘லுக் டவுன் ஆன்’ போட்டால் பேச்சு அவர்களின் திறமையிலிருந்து அந்தஸ்துக்குத் தாவிவிடும்.

அழுத்தம் சேர்ப்பதிலும் இதே கதை. சீனத்தில் ‘மிகவும்’ என்று பொருள்படும் ‘ஹென்’ நேராக வினைக்கு முன்னால் நிற்கும். அந்தப் பழக்கத்தில் பிறப்பது ‘ஐ வெரி லுக் டவுன் ஆன் ஹிம்’. ஆங்கிலத்தில் வினைக்கு ‘ரியலி’. பெயர்ச்சொல்லுக்கு ‘அட்டர்’ அல்லது ‘டீப்’. ‘பிக் கன்டெம்ப்ட்’ காதுக்கு ஒவ்வாது.

கண்ணுக்கும் மூக்குக்கும் வருவோம். கவிஞர் ருவான் ஜி (210–263) பிடிக்காதவர்களிடம் வெள்ளைவிழியைக் காட்டினார் என்பது சீனர்களிடையே பழைய செய்தி. ‘வெள்ளைவிழி’ இன்றும் அவர்கள் பேச்சில் புழங்குகிறது. ஆங்கிலத்திலோ நிறம் கிடையாது, சுழற்றல்தான்: ‘ரோல் யுவர் ஐஸ் அட்’. இதில் இகழ்ச்சியைவிட அலுப்பே அதிகம்.

மூக்கில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. மூக்கால் சீறி இகழ்வதாகச் சீன மரபுத்தொடர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஸ்னிஃப் அட்’. அந்தத் தெம்பில் ‘நாட் டு பி ஸ்னிஃப்ட் அட்’ என்பதையும் வசை என்று எண்ணிவிடக் கூடாது. சம்பள உயர்வைப் பற்றி அப்படிச் சொன்னால், ‘வேண்டாமென்று தள்ளக்கூடிய தொகையில்லை’ என்று அர்த்தம்.