துருசின் சாவி மட்டும்

கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்: "எங்கள் கமக்காரர் அமைப்பின் இணையத்தளம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடுகிறது. தளம் படுத்துவிட்டால், பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் சேவையை மீளத் தொடக்க ஒரு தம்பியை வைத்திருக்கிறோம். அதற்காக அவரிடம் ரூட் கடவுச்சொல்லையே கொடுப்பதா?"

கொடுக்கவே கூடாது. இரணைமடுவில் தண்ணீர் திறந்துவிட வருபவருக்குத் துருசின் சாவி போதும், குளக்கட்டை வெட்டும் அதிகாரம் எதற்கு? சர்வரை இயக்கும் லினக்ஸில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற கணக்கில் நுழைந்தவர் கட்டையும் வெட்டலாம்.

தூரத்துச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியான எஸ்எஸ்எச் மூலம் தம்பி தன் பெயரில் உள்ளே வருவது தெரிந்த கதை. அப்புறம் வேலை, அனுமதித்த கட்டளையை மட்டும் ரூட்டாக ஓடவிடும் சூடோவுடையது. 1980 அளவில், நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கோகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய நிரல் அது.

சாதாரண பயனர் தொடங்கும் நிரல் அவருடைய அதிகாரத்தோடுதான் ஓடும். பிறகு சூடோ மட்டும் எப்படி ரூட் ஆகிறது? அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட். அதன் அனுமதிகளைப் பார்த்தால், ஓட்டும் அனுமதியைக் காட்டும் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்ற எழுத்து நிற்கும். செட்யுஐடி பிட் என்பது அதுதான். அதைக் கண்டதும் லினக்ஸின் மையமான கேர்னல், தொடங்கியவர் யார் என்று குறித்துக்கொண்டு, நிரலைக் கோப்பின் உரிமையாளராகவே ஓடவிடுகிறது. ஆக ஒரே நிரலுக்கு இரண்டு அடையாளம்: வந்தவர் தம்பி, ஓடுவது ரூட். சூடோ இரண்டையும் பயன்படுத்துகிறது. ரூட்டாக நின்று, யார் எதை ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் பட்டியலைத் திறக்கிறது, அதில் தம்பியின் பெயரைத் தேடுகிறது. பெயரும் கட்டளையும் பொருந்தினால் ஓடும். இல்லாவிட்டால் மறுத்து, பதிவும் எழுதிவைக்கும். இந்த ஒற்றை பிட்டுக்காக, சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சிக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமையே கிடைத்தது! எனக்கு இன்றும் அலுக்காத வித்தை இது.

உலகமே நம்பியிருக்கும் சூடோவை 30 வருடங்களுக்கு மேலாகப் பராமரித்துவரும் டொட் மில்லர், ஆதரவாளர் தேடித் தன் இணையப் பக்கத்தில் எழுதவேண்டி வந்தது. ராகுகாலம் பார்த்து சர்வரை இயக்கி, அதன்மேல் எலுமிச்சம்பழமும் வைப்பவர்கள் அந்தக் காசை அவருக்கு அனுப்பலாம்.

சரி, பட்டியலுக்கு வருவோம். சேவைகளைத் தொடக்கவும் நிறுத்தவும் உதவும் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் என்று மட்டும் எழுதினால் தம்பி எந்தச் சேவையையும் நிறுத்தலாம். அது இருக்கும் கோப்புறையின் முழுப் பாதையோடு, "ரீஸ்டார்ட் என்ஜின்எக்ஸ்" வரை எழுதினால் அது மட்டும்தான் ஓடும். எதற்கும் பொருந்திவிடும் நட்சத்திரக் குறியைப் போடாதீர்கள். இந்தப் பட்டியலைத் திருத்தும் கட்டளையான விசூடோ வழியாகத் திருத்தினால், வரியின் அமைப்பில் பிழை இருந்தால் சேமிக்குமுன்பே சொல்லிவிடும்.

மாணவி அனுப்பிய வரைவில், சேவையின் நிலையைக் காட்டும் "ஸ்டேட்டஸ்" வரியும் இருந்தது. பார்ப்பதுதானே என்று தோன்றும். ஆனால் விடை திரையில் அடங்காவிட்டால் அது பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் என்ற நிரலுக்குள், ரூட்டாகவே திறக்கும். சிஸ்டம்சிடிஎல் அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 247க்கு முந்திய பதிப்புகளில், அதற்குள்ளிருந்து ஆச்சரியக்குறியும் எஸ்எச்சும் தட்டினால் ரூட்டாக எந்தக் கட்டளையும் கொடுக்கக்கூடிய ஷெல் கையில்! இத்தனைக்கும் ஸ்டேட்டஸ் பார்க்க ரூட் அதிகாரமே தேவையில்லை. அந்த வரியை அழித்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.