லிவர் கெட்டியாக இருந்ததா, உள்ளே போய்விட்டதா?

அடிபட்ட பைக்கையோ ஸ்கூட்டரையோ பட்டறைக்குக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "பிரேக் பிடிக்கலைங்க." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். பிரேக் லிவரை அழுத்தும்போது கெட்டியாக இருந்ததா, இல்லை பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டதா? பலருக்குப் பதில் தெரியாது. ஆனால் அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்தப் பதிலை வைத்துத்தான் மாறும்.

உள்ளே போய்விட்டது என்றால் டிஸ்க் பிரேக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயிலை. லிவரில் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ரக ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) பக்கத்தில் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. ஆயில் கொதித்துக் குமிழி வந்ததும் நீங்கள் அழுத்துவது குமிழியைத்தான், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடுக்கு அழுத்தம் போய்ச் சேராது. அப்போது லிவரை வேகமாக, முழுசாக விட்டு விட்டு அழுத்துங்கள், ஓரளவுக்கு அழுத்தம் திரும்பி வர வாய்ப்பு உண்டு. பேடு மாற்றிய பிறகோ சக்கரம் கழற்றி மாட்டிய பிறகோ பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருந்தால், முதல் சில அழுத்தல்கள் வெறுமனே போகும். அதனால் மெக்கானிக் சாவியைக் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே லிவர் கெட்டியாகும்வரை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் (இதைச் செய்பவர்கள் ரொம்பக் குறைவு).

லிவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் கதை வேறு. பேடு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும், அல்லது செயினுக்கு அடித்த ஸ்பிரேயோ பாலிஷோ டிஸ்க்கில் பட்டிருக்கும். இங்கே விட்டு விட்டு அழுத்தி ஒரு பயனும் இல்லை. டிரம் பிரேக்கில் கேபிள் அறுந்து லிவர் தொளதொளவென்று ஆனாலும் அப்படித்தான்.

எதுவானாலும் பெரும்பாலான வண்டிகளில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் தனித்தனி. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, பயத்தில் அது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை முழுசாக விட்டுவிட்டு, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நான்கிலிருந்து நேராக ஒன்றுக்குப் போட்டு கிளட்ச்சை விட்டால் பின் சக்கரம் வழுக்கும். அதைவிடப் பொதுவான தவறு, பதற்றத்தில் இடது கை கிளட்ச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிடிமானமும் போய் வண்டி சும்மா உருளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிமானமே குறைவு, வேகம் நன்றாகக் குறைந்ததும் அதுவும் இருக்காது, ஆகவே இறக்கத்தில் ஸ்கூட்டர்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வருவதுதான் ஒரே வழி. ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள், ஹேண்டில் லாக் விழுந்தால் அப்புறம் எதுவும் உங்கள் கையில் இல்லை.

சரி, வளைவில் வேகம் அதிகம், ரோட்டை விட்டு இறங்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. முதலில் கண். மரத்தைப் பார்த்தால் மரத்துக்குத்தான் போவோம். வளைவு முடியும் இடத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பல நேரம் ரோட்டிலேயே தங்கிவிடலாம், டயரில் நாம் நம்புவதைவிட அதிகப் பிடி இருக்கும். முடியாது என்றால், தார் முடிவதற்குள் வண்டியை நிமிர்த்தி அங்கேயே முடிந்தவரை வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மண்ணிலோ சரளையிலோ இறங்கிய பிறகு முன் பிரேக்கை விட்டுவிட்டு, எடையை ஃபுட்ரெஸ்ட்டில் இறக்கி, முழங்காலால் டேங்க்கைப் பிடித்து, கையைத் தளர்வாக வைத்து, பின் பிரேக்கை மட்டும் மெல்லத் தொடுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்பி அழுத்த வேண்டாம், தளர்ந்த சரளையில் அது நிற்கும் தூரத்தை நீட்டவும் கூடும்.

உடனே ரோட்டுக்குத் திரும்பத் துடிப்பதும் ஆபத்து. ரோட்டு ஓரம் உயரமாக இருந்தால் முன் சக்கரம் அதில் உரசி மாட்டி, ஏறும்போது எதிர்ப் பக்கம் தூக்கிப் போடும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு கொஞ்சம் விலகி, விளிம்பைக் குறுக்காக வெட்டி ஏறுங்கள். "வேணும்னே வண்டியைச் சாய்ச்சுப் போட்டுட்டா தப்பிச்சுக்கலாம்" என்ற யோசனையை நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. ரப்பர் பிடிக்கிற அளவுக்கு இரும்பும் பிளாஸ்டிக்கும் தரையைப் பிடிக்காது.

எப்படியோ நின்றுவிட்டீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு லிவரை அழுத்தினால் பழையபடி கெட்டியாக இருக்கும், சரியாகிவிட்டது என்று கிளம்பத் தோன்றும். குமிழி அடங்கியிருக்கிறதே தவிர ஆயிலிலுள்ள ஈரம் எங்கேயும் போகவில்லை. அடுத்த இறக்கத்தில் மறுபடி சூடாகும். வண்டியை ஏற்றி அனுப்பி ஆயிலை முழுசாக மாற்றச் சொல்லுங்கள். வண்டியிலுள்ள ஆயில் டப்பாவில் குறைந்ததை மட்டும் மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது, அளவு குறைந்திருந்தால் பேடு தேய்ந்திருக்கிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.