கம்பெனி ரிம்மில் அகல டயர் போட விதி என்ன சொல்கிறது?

காரோடு வந்த ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் அகலமாகப் போடலாமா? போடலாம். ஆனால் எவ்வளவு அகலம் என்பதற்கு வரம்பு உண்டு. பல நாடுகள் டயருக்கும் ஸ்பீடோமீட்டருக்கும் ஐ.நா. வாகன ஒழுங்குமுறைகளைப் பின்பற்றுகின்றன. அவை கேட்பவற்றைப் புரிந்துகொண்டால் கடையில் குழம்ப வேண்டியதில்லை.

முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் காரின் கையேட்டையும் பாருங்கள். அதிலுள்ள அளவு எதுவானாலும் தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டதுதான். அதில் இல்லாத அளவைப் போடுவதைப் பல நாடுகள் வாகன மாற்றமாகக் கருதுகின்றன. அப்படியானால் வாங்குவதற்கு முன்பே பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்வது கடினம்.

அடுத்தது ரிம்மின் அகலம். ரிம்மிலேயே 5.5ஜே என்பதுபோலப் பொறித்திருப்பார்கள், அதாவது 5.5 அங்குலம். டயரில் உள்ள 185/65 ஆர்15 என்பதில் 185 டயரின் அகலம் மி.மீ.-இல், 15 ரிம்மின் விட்டம் அங்குலத்தில்; 65 என்னவென்று பிறகு பார்ப்போம். இந்த டயருக்கு 5 முதல் 6.5 அங்குல ரிம் வரை பொருந்தும். 195/65 ஆர்15 டயருக்கு 5.5 முதல் 7 வரை. அதாவது 5 அங்குல ரிம்மில் 195 போடவே கூடாது. 205/65 டயருக்கும் கீழ் வரம்பு 5.5தான்; விதிப்படி அது 5.5 ரிம்மில் ஏறிவிடும். ஆனாலும் பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், திருப்பும்போது கார் தாமதமாகக் கேட்கும். கம்பெனி ரிம்மில் ஒரு படி அகலம் போதும் என்பதே என் கருத்து. அதற்கு மேல் வேண்டுமென்றால் ரிம்மையும் சேர்த்து மாற்றுங்கள்.

அகலம் கூடினால் விட்டமும் மாறலாம். 65 என்ற எண் அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று சொல்கிறது. அதனால் 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ.; 205/65 போட்டால் 647.5 ஆகிவிடும், 4 சதவீதத்துக்கு மேல் பெரிது. ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 100 கி.மீ. வேகத்தில் 114 வரை இடமுண்டு. பெரிய டயர் ஒரே சுற்றில் அதிக தூரம் ஓடுவதால் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். முள் 100-இல் நிற்கும்போது கார் 104-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். 195/60 ஆர்15 என்றால் விட்டம் 615, வித்தியாசம் ஒரு சதவீதம்தான். அகலம் கூடும்போது இரண்டாவது எண்ணைக் குறைப்பது இதற்காகத்தான்.

பலரும் கவனிக்காமல் விடுவது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண். அகல டயர் என்றால் அதிகம் தாங்கும் என்று நினைப்போம், அப்படி இல்லை. 185/65 ஆர்15 டயரில் வழக்கமாக 88 என்று இருக்கும், அதாவது 560 கிலோ. 195/55 ஆர்15 அகலமானதுதான், ஆனால் அதில் வழக்கமான 85 என்பது 515 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 180 கிலோ குறைகிறது! குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும் காருக்கு இது சின்ன விஷயமில்லை. ஓர் அச்சின் அதிகபட்ச சுமையில் பாதியையாவது ஒவ்வொரு டயரும் தாங்க வேண்டும் என்பது விதி. அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல், பழைய டயரின் எண்ணுக்குக் கீழே இறங்காமல் இருந்தால் சரி. டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தை எழுத்தால் காட்டும் வேகக் குறியீட்டுக்கும் இதே நியாயம்: டி என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் என்றால் 210. வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. ஒப்புதல் முத்திரை.

ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் வேண்டாம். மாட்டிய பிறகு ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.