நத்தார்க் கள்ளி

நத்தார்க் கள்ளி (பெயர்ச்சொல்): தட்டையான துண்டுகள் ஒன்றன்நுனியில் ஒன்றாகக் கோத்துத் தொங்க, ஆண்டிறுதியில் அந்நுனிகளில் பூக்கும் சாடிச்செடி. இலைபோலத் தெரிபவை தண்டுகளே. தாவரவியலில் ஷ்லம்பெர்கெரா, 1858இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெமேர் இட்ட பெயர்.

இதைக் "கிறிஸ்மஸ் கற்றாழை" என்று எழுதுவோர் உண்டு. கற்றாழை முற்றிலும் வேறு குடும்பம். அந்தப் பெயரை விட்டுவிடலாம். "கள்ளி" என்பதையும் சிலர் மறுப்பார்கள்: சங்கப் பாடல்களின் கள்ளி பால் வடியும் சதுரக்கள்ளி இனம், இதுவோ அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, காலம்தான் பிந்திவிட்டது. அதே கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளிக்குத் தமிழ் எப்போதோ அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டது. மேலும், அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கக்டஸ் (இந்தச் செடியும் சப்பாத்திக்கள்ளியும் சேர்ந்த குடும்பம்) இனமான ரிப்சாலிஸ் இலங்கைக் காடுகளில் மரங்களைத் தொற்றி வளர்கிறது. அது நத்தார்க் கள்ளிக்கு நெருங்கிய உறவு.

கிறிஸ்மஸைக் குறிக்கும் "நத்தார்" போர்த்துக்கேய "நத்தால்" என்பதன் திரிபு. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் சிலரிடம் போர்த்துக்கேயக் கிரியோல் (கலப்பு மொழி) இன்னும் வழங்கும் மட்டக்களப்பில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், செடியின் தாயகமும் போர்த்துக்கேயம் பேசும் நாடுதான்: பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகள். அங்கே இதற்கு நத்தாரோடு சம்பந்தமே இல்லை. "மே மலர்" என்கிறார்கள். இரவு நீளத் தொடங்கியதும் மொட்டு வைக்கும் செடி இது. தென்னரைக்கோளத்தில் அந்தப் பருவம் மே மாதத்தை ஒட்டி வருகிறது, ஐரோப்பாவில் மார்கழியை ஒட்டி.

மட்டக்களப்பிலோ மார்கழியிலும் பகல் 12 மணித்தியாலத்துக்குச் சற்றுத்தான் குறைவு. போதாததற்கு விறாந்தை மின்குமிழ் வேறு. ஐப்பசி தொடங்கி ஆறு வாரமளவு, மாலை முதல் காலைவரை விளக்கொளி படாத மூலையில் சாடியை வைக்க வேண்டும். இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கினால் மொட்டு எளிதாக வரும். நமது கரையோரத்தில் அது அரிது என்பதால் குளிர்ந்த மலைநாட்டு நுவரெலியாவில் பூப்பதுபோல எதிர்பார்க்கக் கூடாது. மரத்தில் தொற்றி வளரும் பிறவி என்பதால் வாவிக்கரை மணல் ஒத்துவராது. தென்னந்தும்பும் கரித்துண்டும் இலைமக்கும் கலந்த சாடி நல்லது. காலை வெயில் போதும். வடகீழ்ப் பருவமழை நேரே விழுந்தால் வேர் அழுகும்.

எழுதும்போது ககர ஒற்றை விடாதீர்கள்: நத்தார்க் கள்ளி.